வட்டத்தில் வெட்டிய பின்னம், கோட்டில் நிற்கும் பின்னம்

ஒரே அளவுள்ள பத்துக் கண்ணாடிக் குடுவைகள். இரண்டில் 1/8 லிட்டர் தண்ணீர், நான்கில் 1/4 லிட்டர், மூன்றில் 1/2 லிட்டர், ஒன்றில் 3/4 லிட்டர். எல்லாத் தண்ணீரையும் பத்துக் குடுவைகளிலும் சமமாகப் பிரித்து ஊற்றினால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கும்? எண்கள் நான் போட்டவை. கணக்கின் வார்ப்பு அமெரிக்காவுடையது. 2010இல் அங்கே வெளிவந்த பொதுப் பாடத் தரநிலைகள் ஐந்தாம் வகுப்புக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது இந்த வகைக் கணக்கைத்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அந்தத் தரநிலைகளை ஏற்றன. சில பிற்பாடு விலகின, சில பெயரை மட்டும் மாற்றிக்கொண்டன. கணக்கு என்னவோ பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

இதற்கு அவர்கள் போடச் சொல்லும் படம் எளியது. ஒரு கிடைக்கோடு. இடது முனையில் 0, வலது முனையில் 1, நடுவே எட்டுச் சம பாகங்கள். 1/8 என்ற இடத்துக்கு மேலே, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இன்டு குறிகள். 2/8இன் மேலே நான்கு, 4/8இன் மேலே மூன்று, 6/8இன் மேலே ஒன்று. ஒரு குறி ஒரு குடுவை. இதை அங்கே லைன் பிளாட் என்கிறார்கள். நாம் கோட்டுப் படம் என்று வைத்துக்கொள்வோம்.

அதே குழந்தை அதற்கு முன்பே பின்னத்தை வேறொரு படத்தில் பார்த்திருக்கும். வட்டம், அதை நான்காக வெட்டிய கோடுகள், நிழலிட்ட மூன்று துண்டுகள், கீழே 3/4. அங்கே அது பீட்சா, இங்கே தோசை அல்லது கேக். உலகம் முழுக்கப் பின்னத்தின் முதல் பாடம் ஏறக்குறைய இதுதான். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது, ஒரே விஷயத்துக்கு இரண்டு விளக்கங்கள் என்று முதலில் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வட்டத்தில் இருக்கும் 3/4 ஒரு பண்டத்தின் பங்கு. கோட்டில் இருக்கும் 3/4 ஓர் எண். பங்கை எண்ணாக்கும் இடத்தில்தான் குழந்தைகள் தடுக்கி விழுகிறார்கள்.

வட்டத்தைக் குறை சொல்வது இப்போது கல்வியாளர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். வட்டத்துக்கு முழுமை எது என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. முக்கால் வட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் கால் வட்டம் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டு கால் துண்டுகளைச் சேர்த்தால் அரை வட்டத்தோடு பொருந்துவதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை காகிதத்தை மடித்தே கண்டுகொள்ளும். சமமாக வெட்டாவிட்டால் சண்டை வரும் என்ற அனுபவம் வீட்டிலேயே இருக்கிறது. ‘சம பாகம்’ என்பதற்கு ஆசிரியர் தனியாக வியாக்கியானம் செய்ய வேண்டாம்.

கோட்டில் இந்த வசதிகள் எதுவும் கிடையாது. 0 முதல் 2 வரை ஒரு கோடு போட்டு, அரையைக் குறி என்று சொல்லிப் பாருங்கள். நிறையக் குழந்தைகள் 1இன்மேல் குறி வைப்பார்கள். அவர்களுக்கு அந்தக் கோடு முழுவதுமே ஒரு பண்டம். அதில் பாதி நடுவில்தானே இருக்க வேண்டும்? தர்க்கம் பிழையில்லை, பார்வைதான் வட்டத்திலிருந்து கடன் வாங்கியது. கோட்டில் முழுமை என்பது 0விலிருந்து 1 வரை உள்ள தூரம். அதை ஒவ்வொரு முறையும் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அப்படியிருந்தும் கோடு எதற்கு? வட்டம் தோற்கும் இடங்களைப் பார்த்தால் தெரியும்.

1978இல் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு? கணக்குப் போட வேண்டாம், உத்தேசமாகச் சொன்னால் போதும். கொடுத்திருந்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களும் 1ஐத் தொட்டும் தொடாமலும் நிற்பவை. கூட்டினால் ஏறக்குறைய 2. சரியாகச் சொன்னவர்கள் நாலில் ஒருவர்கூட முழுசாக இல்லை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே உள்ள 12ஐயும் 7ஐயும் கூட்டினால் 19, கீழே உள்ள 13ஐயும் 8ஐயும் கூட்டினால் 21. பின்னம் என்பது ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் எழுதிய இரண்டு எண்கள் என்றுதான் அந்தப் பிள்ளைகள் பல வருடம் படித்திருந்தார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு வட்டமும் தீனி போடுகிறது. ஒரு வட்டத்தில் இரண்டுக்கு ஒரு துண்டு, இன்னொன்றில் மூன்றுக்கு ஒரு துண்டு. சேர்த்துப் பார்த்தால் மொத்தம் ஐந்து துண்டுகளில் இரண்டு நிழலிட்டவை. ஆக 1/2 + 1/3 = 2/5. படத்தைப் பார்த்து எண்ணிய குழந்தைக்கு இதில் தவறு எங்கே என்று வட்டத்தை வைத்தே விளக்குவது கடினம். கோட்டில் வைத்தால் ஒரு நொடி போதும். 2/5 என்ற புள்ளி 1/2க்கு இடப்பக்கம் இருக்கிறது. அரையோடு எதையோ கூட்டினோம், கூட்டியபின் அரையைவிடக் குறைந்துவிட்டது. இது எப்படி நடக்கும் என்று பிள்ளையே கேட்கும்.

பெரியவர்களும் தப்பவில்லை. அமெரிக்காவில் ஏ அண்ட் டபிள்யூ உணவகம் 1980களில் மூன்றில் ஒரு பவுண்டு இறைச்சி வைத்த பர்கரை விற்றுப் பார்த்தது. போட்டிக் கடையான மெக்டொனால்ட்ஸில் கால் பவுண்டு. இறைச்சி கூடுதல், ஆனாலும் விற்பனை எடுபடவில்லை. 4ஐவிட 3 சிறியது, ஆகவே 1/3 குறைவு, இதற்கு எதற்கு அதே காசு என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்களாம். அந்த நிறுவனத்தின் அப்போதைய உரிமையாளர் ஆல்ஃபிரட் டாப்மன் 2007இல் வெளியிட்ட தன் நூலில் சொல்லியிருக்கும் கதை இது. வியாபாரத் தோல்விக்கு ஒரு வியாபாரி சொன்ன காரணம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். வகுப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு நம்புவதில் சிரமம் இருக்காது.

அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2010இல் ராபர்ட் சீக்லர் தலைமையில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பின்னங்கள் எண்கள் என்பதை உணர்த்த எண்கோட்டையே மையக் கருவியாகக் கொள்ளுங்கள், அதையும் சிறு வகுப்பிலிருந்தே தொடங்குங்கள் என்றது அது. பெர்க்லியின் கணிதப் பேராசிரியர் ஹுங்-ஷி வூ இன்னும் ஒருபடி மேலே போய், பின்னத்துக்கு வரையறையே எண்கோட்டில் உள்ள புள்ளிதான் என்று நெடுங்காலம் வாதாடியவர். ஆனால் சீக்லர் குழுவின் முதல் பரிந்துரை எது தெரியுமா? சமமாகப் பகிர்வது பற்றிக் குழந்தை ஏற்கெனவே அறிந்திருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள் என்பது. எண்கோடு அதற்கு அடுத்தபடிதான். வட்டத்தைத் தூக்கி எறியச் சொல்பவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இனிக் கோட்டுப் படத்துக்கு வருவோம். எண்கோடு வேறு, கோட்டுப் படம் வேறு. முன்னதில் பின்னங்கள் சும்மா நிற்கின்றன. பின்னதில் அவற்றின் தலைமேல் பொருள்கள் அடுக்கப்படுகின்றன. அங்கேதான் இது கணக்குத் தீர்க்கும் கருவியாகிறது. தரநிலைகள் இதை மூன்று வருடத்துக்குப் பிரித்துத் தருகின்றன. மூன்றாம் வகுப்பில் அரை அங்குலம், கால் அங்குலம் குறித்த அளவுகோலால் பொருள்களை அளந்து குறிகள் போட்டால் போதும். நான்காம் வகுப்பில் 1/8 வந்து சேர்கிறது, கூட்டலும் கழித்தலும் வருகின்றன. ஐந்தாம் வகுப்பில் பெருக்கலும் வகுத்தலும்.

நான்காம் வகுப்புக்குத் தரநிலை சொல்லும் உதாரணம் பூச்சிச் சேகரிப்பு. மிக நீளமான பூச்சிக்கும் மிகக் குட்டையானதற்கும் நீளத்தில் வித்தியாசம் எவ்வளவு? குட்டையானது 3/8 அங்குலம், நீளமானது 1 1/4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தில் இதைச் செய்ய முதலில் இரண்டு வட்டங்கள் வேண்டும். ஒன்று முழுசாக, ஒன்று காலாக. பிறகு இரண்டையும் எட்டெட்டாக வெட்டி, மூன்று துண்டுகளை அடித்து, மீதியை எண்ண வேண்டும். ஒரு பூச்சியின் நீளம் ஏன் வட்டமாக இருக்கிறது என்று எந்தக் குழந்தையும் கேட்காதது ஆச்சரியம்தான். கோட்டிலோ 3/8இல் விரல் வைத்து 1 1/4 வரை தாவித் தாவிப் போனால் ஏழு தாவல். விடை 7/8. 1 என்ற எல்லையைத் தாண்டும்போது தனியாக எந்தச் சடங்கும் கிடையாது. கலப்பு பின்னம், தகா பின்னம் என்று பெயர் சொல்லிப் பயமுறுத்தும் பாடம் இங்கே சத்தமில்லாமல் முடிந்துபோகிறது.

நம் ஊர்த் தச்சர்களுக்கும் கம்பி கட்டுபவர்களுக்கும் இந்த எண்ணும் முறை புதிதல்ல. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அவர்களுக்கு ஒரு நூல். 3/8 அங்குலக் கம்பி மூணு நூல் கம்பி. பின்னத்தை முழு எண்ணாக எண்ணிவிட்டுப் போகிறார்கள். கோட்டுப் படத்தில் எட்டுப் பாகக் கோட்டைப் பார்க்கும் குழந்தை செய்ய வேண்டியதும் அதே.

ஆனால் கோட்டைப் போடும்போதே ஒரு கண்ணி இருக்கிறது. குடுவைக் கணக்கில் வந்த அளவுகள் 1/8, 1/4, 1/2, 3/4. குழந்தை இந்த நான்கையும் சம இடைவெளியில் வரிசையாக எழுதி, மேலே குறிகளை அடுக்கிவிடும். பட்டை வரைபடத்தில் ஊறிய கை அப்படித்தான் செய்யும். மா, பலா, வாழை என்று மூன்று பட்டைகள் போடுகையில் மாவுக்கும் பலாவுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டோம் என்பதற்கு அர்த்தமில்லை. இங்கே இடைவெளிதான் அர்த்தம். 1/8இலிருந்து 1/4க்கு ஒரு படி. 1/4இலிருந்து 1/2க்கு இரண்டு படி. 3/8இலும் 5/8இலும் யாரும் இல்லை என்றாலும் அந்த இடங்களைக் காலியாக விட்டுக் கோட்டில் குறித்தே ஆக வேண்டும். ஆள் இல்லாத இடத்துக்கும் பெயர் எழுதுவது குழந்தைக்கு வீண் வேலையாகப் படும். கோட்டுப் படத்தில் ஆசிரியர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் கோட்டை முன்கூட்டியே போட்டுக் கொடுத்து இந்த வேலையைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகின்றன.

அடுத்த கண்ணி இன்னும் ஆழமானது. கோட்டுப் படத்தில் இரண்டு வகை எண்கள் இருக்கின்றன. கீழே உள்ளது அளவு, லிட்டரில். மேலே அடுக்கியிருப்பது எண்ணிக்கை, குடுவைகளில். ‘எது அதிகம்?’ என்று மொட்டையாகக் கேட்டால் ஒரு குழந்தை 3/4 என்கும், இன்னொன்று நான்கு குறிகள் நிற்கும் 1/4 என்கும். இரண்டும் சரி, கேள்விதான் தவறு. மொத்தத் தண்ணீர் எவ்வளவு என்றால் சிலர் 1/8, 1/4, 1/2, 3/4 ஆகிய நான்கை மட்டும் கூட்டி 13/8 என்பார்கள். அதை நான்கால் வகுத்து 13/32 என்று சராசரியும் சொல்வார்கள். பொய்யான விடை, ஆனாலும் உண்மை விடைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதனால் ஆபத்து கூடுதல். இன்னும் சிலர் குறிகளை எண்ணி 10 என்று நிறுத்திவிடுவார்கள்.

வட்டத்தில் இந்தக் குழப்பம் வராது. வராததற்குக் காரணம் வட்டத்தின் சாமர்த்தியம் அல்ல, அதனால் இந்தக் கேள்வியையே கேட்க முடியாது என்பதுதான். பத்துக் குடுவைக்குப் பத்து வட்டம் வரைய வேண்டும். வரைந்தாலும் எங்கே கூட்டம், எங்கே வெறுமை, எது தனித்து நிற்கிறது என்பது கண்ணில் படாது.

சரியான வழியில் போனால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு பெருக்கல். 1/8 இரண்டு முறை, 2/8. 1/4 நான்கு முறை, 8/8. 1/2 மூன்று முறை, 12/8. 3/4 ஒரு முறை, 6/8. கூட்டினால் 28/8, அதாவது மூன்றரை லிட்டர். பத்தால் வகுத்தால் 7/20 லிட்டர், 350 மில்லி. பின்னத்தை முழு எண்ணால் பெருக்குவது, சமான பின்னம், கூட்டல், வகுத்தல் என நான்கு பாடங்கள் ஒரே கணக்கில் வந்து போகின்றன. மீ.பொ.ம. எடு என்று யாரும் கட்டளையிடவில்லை. கோடு எட்டாகப் பிரிந்திருப்பதால் எல்லாம் எட்டின்கீழ் வந்துவிட்டன.

இந்த 7/20ஐக் கோட்டில் வைக்கப் போனால் குறித்த எந்த இடத்திலும் அது இல்லை. 2/8க்கும் 3/8க்கும் நடுவே, 3/8க்குச் சற்று அருகில் விழுகிறது. குழந்தைக்கு இது அதிர்ச்சி. எந்தக் குடுவையிலும் அந்த அளவு தண்ணீர் இருந்ததில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான அளவு அதுதான். சராசரியைச் சூத்திரமாக மட்டும் படித்தவர்கள் இதை யோசித்தே இருக்க மாட்டார்கள். கோட்டை ஒரு சீசாப் பலகையாக நினைத்து, 7/20இல் முட்டுக்கொடுத்துப் பாருங்கள். நாற்பதில் ஒரு பங்கை அலகாகக் கொண்டால் சராசரி 14இல் இருக்கிறது. இடப்பக்கம் 5இல் இரண்டு குறிகள், ஒவ்வொன்றும் 9 தள்ளி, ஆக 18. 10இல் நான்கு குறிகள், 4 தள்ளி, ஆக 16. மொத்தம் 34. வலப்பக்கம் 20இல் மூன்று குறிகள், 6 தள்ளி, 18. 30இல் ஒரு குறி, 16 தள்ளி. அதுவும் 34. பலகை சாயாமல் நிற்கிறது. முக்கால் லிட்டர்க் குடுவை ஒற்றையாக இருந்தும், கால் லிட்டர்க் குடுவைகள் நான்கையும் தூரத்தால் ஈடுகட்டிவிடுகிறது. வட்டத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும் இது கிடைக்காது.

இவ்வளவும் பயன் என்றால் நம் பாடப்புத்தகங்களில் ஏன் இது இல்லை? ஒரு காரணம் அங்குலம். அமெரிக்கா 1975இல் மெட்ரிக் மாற்றத்துக்குச் சட்டம் போட்டது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. இன்றும் அங்கே மரக்கடையில் 5/8 அங்குலம், சமையலறையில் 3/4 கப். அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகப் பிரிந்து போகும் அளவுகோல் ஒவ்வொரு மாணவன் கையிலும் இருக்கிறது. அளக்கப்போனாலே பின்னம் வந்துவிடும். நாம் 1956இல் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் செய்து, 1957 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அணாவை விட்டுப் புதிய பைசாவுக்கு மாறினோம். நம் குழந்தை அளந்தால் வருவது 12.7 சென்டிமீட்டர். அது தசமம். பதினாறு அணாக் காலத்துப் பிள்ளைக்கு முக்கால் ரூபாய் என்றால் பன்னிரண்டு அணா என்று நாக்கில் இருந்தது; இப்போதைய பிள்ளைக்குப் பின்னம் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

இன்னொரு காரணம் பாடப் பிரிப்பு. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் பின்னங்களை எண்கோட்டில் குறிக்கும் பகுதி உண்டு. விவரங்களைக் கையாளுதல் என்று இன்னோர் அத்தியாயமும் உண்டு. அதில் நேர்க்கோட்டுக் குறிகள், பட விளக்கப்படம், பட்டை வரைபடம். இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை. விவரம் என்றால் முழு எண்ணிக்கை. பின்னம் என்றால் நிழலிட்ட வட்டம். அமெரிக்கத் தரநிலை அளத்தலையும் விவரத்தையும் ஒரே தலைப்பில் வைத்ததால்தான் கோட்டுப் படத்துக்கு இடம் கிடைத்தது.

அதற்காக அவர்கள் பிரமாதமாகச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பயிற்சித்தாளில் பென்சில் நீளங்களின் கோட்டுப் படம் தயாராக இருக்கும். பென்சில்களை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். ‘அரை அங்குலத்துக்குமேல் எத்தனை?’ என்று கேட்டு, குறிகளை எண்ணச் சொல்லி முடித்துவிடும் பயிற்சித்தாள்கள் ஏராளம். அந்தக் கேள்விக்குப் பின்னமே தேவையில்லை, ஒன்று இரண்டு எண்ணத் தெரிந்தால் போதும். நம் மாணவர்களின் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலின் மறு ஓரத்தில் அங்குலமும் இருக்கிறது. அதைத் திருப்பிப் பிடித்து வகுப்பிலுள்ள பென்சில்களை அளந்தால் அந்தப் பயிற்சித்தாள்களைவிட நல்ல கோட்டுப் படம் கிடைக்கும். 5 3/8க்கும் 5 1/2க்கும் நடுவே விழும் பென்சிலை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற சச்சரவு முதல் நிமிடத்திலேயே வரும், வரட்டும்.

கேள்வியையும் கொஞ்சம் திருப்பிக் கேட்கலாம். நம் குடுவைகளோடு பதினோராவதாக ஒன்றைச் சேர்க்கிறோம். சராசரி சரியாக 3/8 லிட்டர் ஆக வேண்டும். அந்தக் குடுவையில் எவ்வளவு ஊற்ற வேண்டும்? பதினொரு குடுவைக்கு 3/8 வீதம் 33/8. கையில் இருப்பது 28/8. ஊற்ற வேண்டியது 5/8 லிட்டர். 3/8ஐயும் 5/8ஐயும் காலி இடம் என்று கோட்டில் எழுதாமல் விட்டவர்கள் இப்போது படத்தை அழித்து மறுபடி போட வேண்டும்.